ஒட்டுற வருத்தம்

“கேட்டைத் தாண்டி உள்ளுக்கு வந்தா காலை முறிப்பன்!”

ருஷ்தா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஸம்ஹா அப்படியே நின்றாள். ஐந்து வயதுச் சிறுமியின் கீழுதட்டில் ஒரு கறுத்த பொருக்கு. அது போதாதா ருஷ்தாவுக்கு?

“ஊஞ்சல்ல இருந்து விழுந்த காயம் ருஷ்தா, அல்லாஹ்வுக்காக நம்பு,” என்றாள் ஸம்ஹாவின் தாய் ஜெமீலா.

“விழுந்தா முழங்கால்தான் உரசும், ஒதடா? ஒரே போத்தல்ல தண்ணி குடிச்சி என்ட புள்ளைக்கு வருத்தத்த ஒட்டி வெச்சிட்டா ஒங்கட மகள்!”

உள்ளே ருஷ்தாவின் மகன் நுஸ்கி நான்கு நாளாய்க் காய்ச்சலோடு கிடந்தான். உதடெல்லாம் கொப்புளம், ஈறெல்லாம் புண். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிய விட்டான். கணவன் ஃபஸ்லானோ கடலுக்குப் போனவன். போன் எடுத்தாலும் கிடைக்கவில்லை.

ருஷ்தா கஞ்சியை ஊதி, வழக்கம்போல் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். போன கிழமை பல்லி மூத்திரம் பட்டுப் பொங்கிய இடம் சுரீரென்று எரிந்தது. அதே கரண்டியைப் பிள்ளையிடம் நீட்டினாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

“ஒரு வாய் மகன். உம்மா கெஞ்சிக் கேக்கன்.”

“ஸம்ஹா வரட்டும்...”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓதின தண்ணீரும் இறங்கவில்லை, மருந்தும் இறங்கவில்லை. காலையிலிருந்து பிள்ளைக்குச் சலமும் போகவில்லை. பெற்றவள் பக்கத்தில் இருந்து என்ன பிரயோசனம்?

கடைசியில் ஜெமீலாவின் கணவன் ஜபாரின் த்ரீவீல்தான் கதி. ரோஷம் பார்த்தால் பிள்ளை பிழைக்குமா? ஜெமீலாவும் ஸம்ஹாவும் கூடவே ஏற, கற்பிட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ருஷ்தா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

டொக்டர் நுஸ்கியின் வாயைப் பார்த்தார். “ரெண்டு கிழமையில ஆறிடும். காய்ச்சலுக்குப் பனடோல் பாணி குடுங்க, குளிர்ந்த தண்ணியைக் கரண்டி கரண்டியாக் குடுங்க. தண்ணி இறங்காட்டித்தான் வார்ட்டில வெக்கணும்.”

“எல்லாம் இந்தப் புள்ளையாலதான் டொக்டர்!”

டொக்டர் ஸம்ஹாவின் உதட்டில் டோர்ச் அடித்தார். “இது விழுந்த காயம். ஒட்டாது. மகனுக்கு வந்தது வைரஸ். பெரியாக்கள்ட உடம்புல ஒளிஞ்சிருந்து, வெயில் பட்டா, காய்ச்சல் வந்தா, ஒதட்டோரத்துல கொப்புளமா எழும்பும். கொஞ்சினாலும் ஒட்டும், ஒரே கரண்டில ஊட்டினாலும் ஒட்டும். வீட்டுல ஆருக்கும் அப்பிடி வாறதா?”

“சீச்சீ! எங்கட வீட்டுல ஆருக்கும் இல்ல டொக்டர்.”

“அப்ப ஒங்கட ஒதட்டுல அது என்ன?”

ருஷ்தாவின் கை தானாக உதட்டுக்குப் போனது. ஜெமீலா நிலத்தைப் பார்த்தாள்.

ஸம்ஹாதான் பாவம், மாமிக்காகப் பரிந்துகொண்டு முன்னால் வந்தாள்.

“மாமிக்குப் புண் இல்ல டொக்டர், பல்லி மூத்திரம்! அவட ஒதட்டுல அடிக்கடி பெய்யும்!”