மார்மேல் வைக்கும் புத்தகம்

"உங்கள யாரு வரச் சொன்னது?"

வாசற்கதவைப் பாதி மூடிக்கொண்டே கேட்டாள் ஸிக்னே.

வெளியே நின்றிருந்தவள் போர்கில். கையில் கறுப்புத் துணியில் சுற்றிய புத்தகம். அவள் நடந்து வந்த தெரு முழுக்க, அவளைக் கண்டதும் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். நண்பகல்தான். ஆனால் வடக்கு நார்வேயின் அந்தத் தீவில் டிசம்பர் மாதம் சூரியன் எழுந்திருப்பதே இல்லை.

அந்தத் தீவின் கிறிஸ்தவப் பிரிவான விழிப்புச் சபையின் வேதநூல் அது. சபையை ஆரம்பித்த மீனவர் அச்சடித்த முதல் பதிப்பு. மிஞ்சியிருப்பது இந்த ஒரு பிரதிதான். ஆஸ்லோவிலிருந்து நூலகத்துக்காரர்கள் வந்து, ஒருமுறை பார்க்கக் கெஞ்சினார்கள். சபை மூப்பர் எய்லர்ட் அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்.

சாகக் கிடப்பவரின் மார்மேல் அதை வைப்பாள் போர்கில். அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். வேறு யாரும் உள்ளே நிற்கக் கூடாது. நின்றால், புத்தகம் அவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பேச்சு. அவள் திரும்பிப் போகும்போது அந்த வீட்டில் ஒரு பிணம் கிடக்கும். இதுவரை தப்பியதில்லை.

இன்று உள்ளே கிடப்பது அதே எய்லர்ட். ஸிக்னேயின் மாமனார்.

"மாமாவுக்கு ஒண்ணும் ஆகல. வசந்தம் வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க கிளம்புங்க."

"வழி விடு ஸிக்னே," என்றான் பின்னால் நின்ற அவள் கணவன் யோஸ்டைன். முகம் வெளுத்திருந்தது. "வாசலுக்கு வந்த புத்தகத்தத் திருப்பி அனுப்பக் கூடாது."

"உங்க அப்பாவக் கொண்டுபோக வந்திருக்காங்க. வழி விடணுமாம் வழி!"

உள்ளறையிலிருந்து கிழவரின் குரல் ஈனமாக வந்தது.

"விடும்மா... என்னப் பாக்க வர்ற நர்ஸ்கிட்ட நான்தான் சொல்லி அனுப்பினேன்."

போர்கில் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. யோஸ்டைன் சமையலறைக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டான்.

ஸிக்னே நகரவில்லை. கதவில் காதை வைத்தாள்.

முதலில் முணுமுணுப்பு. துணி அவிழும் சரசரப்பு. பிறகு...

அவள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

இசை! அதுவும் ஜோடி சேர்ந்து ஆடுகிற பாட்டு. இசையே பாவம் என்று ஒரு ரேடியோவைக்கூட உள்ளே விடாத வீடு அது. மெலிசாக, விட்டு விட்டு, கடலுக்கு அடியிலிருந்து யாரோ வாசிப்பதுபோல வந்தது. நடுவே ஒரு சிரிப்பு. எய்லர்ட் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

சட்டென்று எல்லாம் நின்றது.

ஸிக்னே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

எய்லர்ட் போய்விட்டிருந்தார். விரல்களுக்குள் ஒரு பழைய மவுத் ஆர்கன். மார்மேல் புத்தகம் விரிந்து கிடந்தது. அச்சடித்த பக்கங்களின் நடுவே சதுரமாகக் குடைந்து எடுத்திருந்தது. அந்தக் குழிக்குள் கொஞ்சம் புகையிலை, ஒரு சின்ன பிராந்திக் குப்பி.

"அடிப்பாவி! வேதத்தையா வெட்டின?"

"கத்தாத. சாகப்போற யாரும் எங்கிட்ட வசனம் கேட்டதில்லம்மா. ஒரு இழுப்புக் கேட்பாங்க. ஒரு மடக்குக் கேட்பாங்க. உன் மாமா இந்தப் பாட்டக் கேட்டாரு."

"அதுக்கு நீங்க வாசிச்சீங்களாக்கும்!"

"எனக்கு வாசிக்கத் தெரியாது."

ஸிக்னே மாமனாரின் கையிலிருந்த மவுத் ஆர்கனைப் பார்த்தாள். அப்படியென்றால் வாசித்தது அவரேதான்! ஒரு மாதமாக மூச்சுவிடவே திணறிய மனுஷன்.

"வெட்டினதும் நானில்ல. இவருதான்," என்றாள் போர்கில். "உன் மாமியார் சாகக் கிடந்தப்ப, கல்யாணத்துக்கு முன்னாடி வாசிச்ச பாட்ட ஒரே ஒரு தடவ வாசிக்கச் சொல்லி அழுதா. வீடு முழுக்கச் சபை ஆளுங்க. மவுத் ஆர்கன எதுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போவாரு? மீன் கத்தியால இதக் குடைஞ்சாரு. அழுதுகிட்டே குடைஞ்சாரு. எல்லாரையும் வெளிய அனுப்பணுமே, அதுக்குத்தான் 'கிட்ட நின்னா புத்தகம் உங்களையும் கொண்டுபோயிடும்'னு கிளப்பிவிட்டாரு. அப்புறம், 'ஊர்ல மத்தவங்களும் நிம்மதியாச் சாகணும்'னு சொல்லி எங்கிட்டக் குடுத்தாரு."

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம்.

"ஸிக்னே! உள்ளயா இருக்க?" யோஸ்டைனின் குரல் நடுங்கியது. "என்னமோ பாட்டு கேட்டுதே... நான் உள்ள வரட்டுமா?"

ஸிக்னே மாமனாரின் விரல்களை மெல்லப் பிரித்து மவுத் ஆர்கனை எடுத்தாள். குழிக்குள் வைத்து அட்டையை மூடினாள். கறுப்புத் துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"வந்துடாதீங்க!" என்றாள், குரலில் நடுக்கத்தை வரவழைத்துக்கொண்டு. "புத்தகம் இன்னும் மூடல."