ரீடேக் கிடையாது

“நாற்பது செகண்டுல நின்னுடுது சார், உங்க கார்டு!”

கையிலிருந்த கேமராவைக் கடை மேஜைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள் அந்தப் பெண். போன வாரம் இதே கடையில் மெமரி கார்டு வாங்கிப் போனவள்.

கடைக்காரர் அசரவில்லை. கடைத்தெருவில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். பதில் தப்பாக இருந்தால், கேட்டவன் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்பார்.

“நம்ம கார்டு நிக்காதும்மா. கேமரா சூடாயிருக்கும்.”

“ஏசி ரூம்ல எடுத்தேன் சார்.”

“அப்ப உங்க கை பட்டன்ல பட்டிருக்கும்.”

“ஸ்டாண்டுல வெச்சு எடுத்தேன்.”

“அப்ப ஸ்டாண்டு சரியில்ல.”

அவள் சண்டைக்கு வரவில்லை. “போன வாரம் எடுத்தது சும்மா சார், போனாப் போகுது. இன்னிக்கு எடுக்கப் போறது அப்படி இல்ல. ஒரே ஒரு தடவைதான் நடக்கும். நடுவுல நின்னா ரீடேக் கேக்க முடியாது. இதுவரைக்கும் யாருமே பாத்ததில்ல.”

அகராதிக்கு ஆர்வம் தாங்கவில்லை. “என்னம்மா அது? கிரகணமா?”

“அது அப்பப்ப வருதே சார்.”

“ஏதாவது அபூர்வமான பறவையா?”

“அதைவிட அபூர்வம்.”

“அப்ப ஒண்ணு பண்ணலாம். இங்கயே ஓட விட்டுப் பாத்துடலாம். என்னையே எடுங்க” என்றவர், சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, இருந்த நாலு முடியையும் ஒழுங்காகப் படிய வைத்துக்கொண்டார்.

கேமரா ஓடத் தொடங்கியது. அகராதியும்தான்.

“இந்தக் கார்டு மேல எவ்வளவு பெரிசா நூத்தியெழுபதுன்னு போட்டிருக்கு பாருங்க. செகண்டுக்கு நூத்தியெழுபது எம்பி! அதனாலதான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் குடுத்தேன். நம்ம கடையில வாங்கின கார்டு பாதியில நின்னதா சரித்திரமே...”

கார்டு பாதியில் நின்றது. ‘கார்டின் வேகம் போதவில்லை’ என்று கேமராத் திரையில் எழுத்து மின்னியது.

“கரெண்டு ஏறி இறங்குது” என்றார் அகராதி.

“கேமரா பேட்டரியில ஓடுது சார்” என்றாள் அவள் பொறுமையாக. “அந்த நூத்தியெழுபது, கார்டுல இருக்கறதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கற வேகம். வீடியோ பதிவாகற வேகம் வேற. குட்டியா ஒரு ‘வி’ போட்டு, பக்கத்துல ஒரு நம்பர் இருக்கணும். என்ன ஆனாலும் அந்த நம்பருக்குக் கீழ வேகம் இறங்காதுன்னு அர்த்தம். எதிர்க் கடைக்காரர்தான் சொன்னார்.”

எதிர்க் கடை என்றதும் அகராதியின் முகம் சுருங்கிவிட்டது. கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கையை நீட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார். கண்ணாடி போடச் சொன்ன டாக்டரிடம், முதலில் உங்கள் கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்த மனுஷர் அவர்.

“இதுல ‘வி’யே இல்ல சார். உங்க பின்னாடி மூணாவது வரிசையில தொங்குதே, அதுல வி அறுபதுன்னு இருக்கு. அதை எடுங்க.”

“நூத்தியெழுபது நின்னுடுச்சாம், அறுபது ஓடுமாம். நல்ல கணக்கு” என்று முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அவள் கார்டை மாற்றி, மறுபடியும் அவர் முகத்துக்கு நேராகக் கேமராவை ஓட விட்டாள். ஒரு நிமிஷம் ஆனது. மூன்று நிமிஷம் ஆனது. கேமரா நிற்கிற வழியைக் காணோம். அகராதிக்கு உள்ளுக்குள் சங்கடமாகிவிட்டது. பெரிய நம்பரைக் காட்டியே இத்தனை நாளும் எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“இப்ப சொல்லுங்க சார். யார் தப்பு?”

“கம்பெனிக்காரன் தப்பு. இவ்வளவு பொடியாவா அச்சடிப்பான்?”

“அவன் அச்சடிச்சிருக்கான். படிக்காதது யாரு?”

“கடையில வெளிச்சம் பத்தல.”

அவள் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். “எங்க ஆபீஸுக்கு இதே மாதிரி இன்னும் ஆறு கார்டு வேணும். நடந்ததை நடந்தபடி ஒத்துக்கிட்டா இங்கயே வாங்கறேன். இல்லேன்னா பரவால்ல, எதிர்லதான் கடை இருக்கே.”

எதிர்க் கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் தோற்கக்கூடாது. அகராதி வாயைத் திறந்தார்.

“தப்பு...” மீதியை வாய்க்குள்ளேயே மென்றார்.

“கேக்கல சார்.”

“தப்பு நடந்திருக்கு.”

“யாரோட தப்பு?”

அவர் எதிர்க் கடையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “என் தப்புதான்மா! எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். போதுமா? மன்னிச்சிடும்மா.”

சொல்லி முடித்ததும் பல் பிடுங்கின மாதிரி இருந்தது. வலிக்கவும் செய்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அவள் கேமராவை நிறுத்திவிட்டு, எடுத்ததை ஓட்டிப் பார்த்தாள். “ஒரு இடத்துலகூட நிக்கல சார். முகமும் குரலும் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. ஆறு கார்டும் போட்டுடுங்க.”

அகராதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கார்டுகளைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: “ஆமா, அந்த அபூர்வத்தை எப்ப எடுக்கப் போறீங்க?”

“எடுத்தாச்சு சார்” என்றவள் போனைக் காதில் வைத்தாள். “அக்கா, ஆபீஸ்ல எல்லாரையும் ஒரு ரூமுக்குக் கூப்பிட்டு வைங்க. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்லேன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தையை உங்க வீட்டுக்காரர் வாயாலயே வாங்கிட்டேன்!”