எட்டு டிகிரி

முப்பத்தேழு கிடங்குகளுக்கும் சேர்த்து எட்டு என்ற அந்த எண் கணினியில் ஒரே இடத்தில்தான் இருந்தது. தடுப்பூசிப் பெட்டிக்குள் வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை போக வேண்டும். எல்லாக் கிடங்குகளின் மென்பொருளும் அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் இயங்கும். செவ்வாய்க்கிழமை மாலை 4.12க்கு யாரோ அதைப் பதினெட்டாக்கியிருந்தார்கள். எங்கேயும் எச்சரிக்கை வரவில்லை. மூன்று ஊர்களில் மருந்து முழுக்க வீணாய்ப் போனது. மாற்றியவர் பெயர் மெர்லின் என்று பதிவாகியிருந்தது.

மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். மெர்லினுக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருந்தது. பக்கத்து இருக்கைத் தணிகையின் பொறுப்பிலிருந்த ஒரு கிடங்கிலிருந்து மட்டும் அன்று ஓயாமல் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. "சனியன், இதோட வாய மூட முடியலையே" என்று சலித்துக்கொண்டவன், "நீ போய் டீ குடிச்சிட்டு வா, உன் வேலைய நான் பாத்துக்கறேன்" என்றான். எழுந்து போனாள். ஆறு வருடமாக அவர்கள் ஒருவருக்கொருவர் திரையைப் பூட்டியதில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் தணிகை பக்கத்தில் வந்து நின்றான்.

"விடுங்க சார், தெரியாம பண்ணிருப்பா. நல்ல பொண்ணு சார்."

பிறகு அவனே கீழே போய் டீ வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தான். இஞ்சி தூக்கலாக, சர்க்கரை இல்லாமல், அவளுக்குப் பிடித்த மாதிரியே.