முதல் அரைமணி நேரம்

கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மனைவி மோப்பம் பிடித்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக செண்ட் கடையில் வேலை பார்க்கிற மூக்கு அது.

“இன்னிக்கும் அங்க போயிட்டுதானே வர்றீங்க?”

“எங்கேம்மா?”

“அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்களே! கிட்ட வந்தாலே பாதாம் வாசனை தூக்குது.”

இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் அவர் வந்திருந்தார். பச்சைப் பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார்.

“அட, இது உன் செண்ட்டுதான். தினமும் சாயங்காலம் நீ வரும்போது இதே பாதாம் வாசனைதானே? உன் ஞாபகமா இருக்கட்டும்னு உன் சாம்பிள் பாட்டில்லேர்ந்து இப்பதான் லிஃப்டுல அடிச்சுக்கிட்டேன்.”

மனைவி மணிக்கட்டை மோந்தாள். சிரித்துவிட்டாள்.

“ஐயோ பாவம்! அதை நான் மத்தியானம் கடையில அடிச்சுக்கறேன். அடிச்சதும் வெறும் ஆரஞ்சுத் தோல் வாசனைதான் வரும். உடம்புச் சூட்டுல ஊறி பாதாம் எட்டிப் பார்க்கவே அரைமணி நேரம் ஆகும். உங்க கையில இன்னும் ஆரஞ்சுதான் இருக்கு.”

“அப்போ பாதாம்?”

அவள் இன்னும் நெருங்கி மோந்தாள்.

“உங்க மீசையில இருக்கு. கூடவே வெண்ணெயும் இருக்கு. சர்க்கரை முந்நூறைத் தொட்ட மனுஷனுக்கு பேக்கரில என்ன வேலை? எத்தனை துண்டு கேக்?”

“ஒண்ணே ஒண்ணு.”

மூக்கு மறுபடியும் மீசையை நோக்கி வந்தது.

“ரெண்டு!” என்றார் கணவர்.