தூய தமிழ்ப் பெயர்

"பேரை மாத்திக்கச் சம்மதமா, இல்லையா? மாலை வாடுது, தங்கச்சி!"

தலைவர் சேதுபதி கைக்கொரு மாலையைப் பிடித்தபடி கேட்டார்.

மணப்பெண் சீதா நிமிர்ந்தாள். "சம்மதமில்லைங்க."

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை சீர்திருத்த மன்றத்தில் சலசலப்பு எழுந்தது. ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம் என்றபோதெல்லாம் சரி என்றவள். ராகு காலத்தில் கல்யாணம் என்றதற்குச் சிரித்தவள். பெயர் என்றதும் முரண்டு பிடிக்கிறாள்.

மேடை ஏறும் மணமக்கள் வடமொழிப் பெயரைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஐம்பத்தெட்டாம் ஆண்டிலிருந்து மன்றத்தின் விதி அது. மாப்பிள்ளை பாலகிருஷ்ணன் சற்று முன்புதான் இளவழகனாகிக் கைதட்டல் வாங்கியிருந்தான். பெண்ணுக்கும் பெயர் தயார். பின்னால் தொங்கிய துணியில் 'இளவழகன் - பூங்கொடி' என்று சிவப்பு மையில் எழுதியே விட்டார்கள்.

"சீதான்னா என்ன அர்த்தம், தெரியுமா?" என்றார் தலைவர்.

"தெரியுமே. ஏர் ஓட்டுற சாலு. ராஜா உழும்போது மண்ணுல கெடைச்ச புள்ளை."

"பாதியில நிறுத்திட்டியே! புருஷன் சந்தேகப்பட்டான்னு நெருப்புல எறங்கினவ. காட்டுக்குத் தொரத்தினப்பவும் வாயைத் தொறக்காதவ. அந்த அடிமையோட பேரு உனக்கெதுக்கு?"

கூட்டம் கைதட்டியது.

"நான்தான் வாயைத் தொறக்கிறேனே, ஐயா!"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அக்காள் ரத்தினம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"செம்பவாங் கப்பல் தளத்துல கக்கூஸ் வாளி தூக்குறவரு மகளுக்கு ராஜா மகள் பேரு கேக்குது லா!"

அது காதில் விழாதவர்போலத் தலைவர் மாலையில் ஒரு பூவைச் சரிசெய்தார்.

"உங்க பேரும் வடமொழிதானே, ஐயா?" என்று கேட்டாள் சீதா.

"சேதுபதி பேரில்லைம்மா, பட்டம். எங்க பரம்பரைக்கு ராஜா கொடுத்தது. அதை மாத்த எனக்கு உரிமை இல்லே."

மாப்பிள்ளை அவள் காதருகே குனிந்தான். "இப்போதைக்குச் சரின்னு சொல்லிடு லா. வீட்டுல சீதான்னே கூப்பிடுறேன்."

"வெளியில?"

அவன் தலைவரைப் பார்த்தான். சீதா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கம்மா களை எடுத்துக்கிட்டிருந்த வயல்லேயே என்னைப் பெத்தாங்க. எங்கப்பா கூத்துல இந்தக் கதையைக் கேட்டிருக்காரு. பக்கத்துல உக்கார விடமாட்டாங்க, தூரத்துல நின்னு கேட்டாரு. மண்ணுல கெடைச்ச புள்ளைன்னு எனக்குச் சீதான்னு பேரு வெச்சாரு. பண்ணையாரோட ஆத்தா பேரும் சீதாவாம். 'எங்காத்தா பேரைச் சொல்லி உன் மகளை அதட்டுவியாடா?'ன்னு மரத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க. பேரை மாத்துறேன்னு ஒரு வார்த்தை சொன்னா அவுத்துவிடுறோம்னாங்க. அவரு சொல்லலை. அதுக்கப்புறம் அந்த ஊர்ல எங்களுக்கு வேலை கிடையாது. அப்படித்தான் கப்பல் ஏறினோம்."

கைதட்டியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். எத்தனையோ மேடை பார்த்தவர்.

"வருத்தமாத்தான் இருக்கு, தங்கச்சி. ஆனா அது பண்ணையார் செஞ்ச கொடுமை. இது கொள்கை. ரெண்டையும் குழப்பாதே. ஒருத்தருக்கு வளைஞ்சா நாளைக்கு எல்லாருக்கும் வளையணும். பேரை மாத்தாம இந்த மேடையில மாலை மாத்த முடியாது."

ரத்தினம்மா பலமாகக் கைதட்டினாள். மெல்ல மெல்ல மற்றவர்களும் தட்டினார்கள்.

தலைவருக்குத் தெம்பு வந்தது. முன்வரிசை ஓரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பாவைக் கைகாட்டினார்.

"பெரியவரே, எழுந்திருங்க. உங்க பேரைச் சபைக்குச் சொல்லுங்க."

அவர் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"குப்பனுங்க."

"கேட்டீங்களா, தோழர்களே? குப்பன்! வடமொழி வாடை உண்டா? ஒரு சொட்டுக் கலப்படம் உண்டா? தூய தமிழ்ப் பேரு! அந்த ஏழைக் குடிசையில பொறந்த குழந்தைக்கு இப்படி ஒரு பேரு வெச்சானே, அவன்தான்யா மானமுள்ள தமிழன்! அவன் யாரா இருந்தாலும் இந்தச் சேதுபதி கும்பிடுறான்!"

இரண்டு மாலைகளோடும் கைகளை உயர்த்திக் கும்பிட்டார். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

குப்பன் கைதட்டவில்லை. மேடைமேல் ஏறி மகளின் கையைப் பிடித்தார்.

"வா சீதா, போலாம்."

இளவழகன் துணியில் இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

படி இறங்கும்போது குப்பன் தலைவர் பக்கம் திரும்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்குக் குப்பன்னு பேரு வெச்சவரும் அந்தப் பண்ணையாருதாங்க."