நிற்கக் கூடாத இன்ஜின்

மதில் சுவருக்கு மேல் கிருஷ்ணமூர்த்தியின் தலை தெரிந்ததும், வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானான் துரைராஜ். மௌலா அலி காலனியில் அவனுடைய இன்ஜினை இதுவரை திட்டாத வீடு, பக்கத்திலிருந்த அவருடையது ஒன்றுதான். இன்னொரு புகார் வந்தால் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

பொம்மை விமானத்துக்கான இன்ஜின், கையளவுதான். சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு நாள் குனிந்த தலைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இது ஒன்றுதான் ஆறுதல். வீட்டின் பின்பக்கம் மரப் பலகையில் அதை இறுக்கி ஓட்டிப் பார்ப்பான்.

"ஏன் தம்பி அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது?" என்றுதான் கேட்டார் கிருஷ்ணமூர்த்தி.

துரைராஜுக்கு நம்ப முடியவில்லை. பிளக்குக்குள் மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது, அது தணலாக இருந்தால்தான் எரிபொருள் பற்றும், அறுந்தால் இன்ஜின் நின்றுவிடும் என்று விளக்கினான். அவர் பள்ளிப் பையன் மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் நெட் சென்டரில் எடுத்த நாலு பக்கப் பிரிண்டோடு வந்தார். இன்ஜின் பிடித்ததும் பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டுமாம், எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டுமாம், விளக்கெண்ணெய் கூடுதலாகக் கலக்க வேண்டுமாம். துபாயில் இருக்கும் தம்பியிடம் சொல்லி உசத்தியான பிளக்குகளும் பெரிய டேங்க்கும் வரவழைத்துக் கொடுத்தார். வீட்டுக்காரரையும் அவரே சமாதானப்படுத்தினார்.

"அரை மணி நேரம் நிக்காம ஓடணும் தம்பி. அதுதான் வேணும்."

ஓடியது. பக்கத்து வீட்டில் இப்படி ஒரு மனுஷன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று துரைராஜ் நெகிழ்ந்துபோனான். நன்றிக்கு ஸ்வீட் கொண்டுபோனபோது அவர் மனைவி விஜயகுமாரிதான் கதவைத் திறந்தாள். மே மாத வெயிலில் மணிக்கட்டு வரை சால்வை போர்த்தியிருந்தாள். காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

இன்று பத்தாவது நிமிஷத்தில் பிளக் அறுந்தது. திடீரென்று விழுந்த அமைதியில், பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் உருண்டு நின்றது.

கிருஷ்ணமூர்த்தி மூச்சிரைக்கச் சுவரருகே வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. வேறு பிளக் கைவசம் இல்லை என்றதும் முகம் கறுத்துவிட்டது. செகந்திராபாத் போய் வாங்கி வருவதாகச் சொல்லி, பதிலுக்குக்கூட நிற்காமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும், சுவருக்கு மேல் விஜயகுமாரியின் முகம் தெரிந்தது.

"நக்கோ அண்ணா. புது பிளக் போடாதீங்க."

சார் அவ்வளவு ஆசையாக வாங்கப் போயிருக்கிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று துரைராஜ் இழுத்தான். அவள் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அது ஓடுற வரைக்கும் நான் கத்தறது வெளிய கேக்காதுண்ணா."