மாப்பிள்ளையின் மூக்கு

யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் கிளாசுக்குள் நுழைத்தார். நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். "ஆஹா! கறுப்புத் திராட்சை, ஓக் மரம், மழை விழுந்த மண்!" என்று முனகினார்.

எதிரே சோபாவின் நுனியில் அபிஷன் உட்கார்ந்திருந்தான். தாரிகாவைக் கலியாணம் செய்ய ஆசைப்பட்ட குற்றத்துக்காக, அவளுடைய அப்பாவிடம் வைன் குடிக்கப் பழக வந்திருக்கிறான். கொட்டாஞ்சேனைப் பெடியன், கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலை. இதுவரை அவன் வாயில் பட்டதெல்லாம் ஜிஞ்சர் பியர்தான்.

யோகநாதன் பாரிசில் ஒரு ரெஸ்ரோரண்டில் வேலை பார்த்துவிட்டு, வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர். அங்கே என்ன வேலை என்று அவர் சொன்னதில்லை. சாராயம் குடிப்பவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. போத்தலை முகர்ந்தே ஊரும் ஆண்டும் சொல்லிவிடுவார் என்று அந்த மாடிக் கட்டடம் முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்பது வேறு விஷயம்.

கலியாணத்துக்குப் பாரிசில் இருந்து அவருடைய தம்பி குடும்பம் வர இருந்தது. "அவங்களுக்கு முன்னால வைன் கிளாசைத் தேத்தண்ணிக் கோப்பை மாதிரிப் பிடிக்கிற மருமகன் எனக்கு வேண்டாம். இண்டைக்குத் தேறினால் நாள் வைப்பம். இல்லாட்டி இந்தக் கதையை விடுங்கோ" என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

அபிஷனும் பாவம், யூடியூப்பில் வெள்ளைக்காரர் வைன் கொப்பளிப்பதை எல்லாம் பார்த்துப் படித்துக்கொண்டுதான் வந்திருந்தான். ஆனால் தாரிகா அவனிடம் கேட்டது வேறு. "அப்பா என்ன சொன்னாலும் ஓம் எண்டு தலையாட்டுங்கோ. பிளீஸ்."

போத்தல் பிரெஞ்சுப் போத்தல்தான். ஷோகேஸில் பொம்மைகளுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே மாதக்கணக்காக நிற்கிறது. யாராவது முக்கியமானவர் வந்தால் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தக்கையை அமுக்கித் திரும்ப அங்கேயே வைத்துவிடுவார். இன்று அபிஷனுக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

"கிளாசின்ர காலைப் பிடியும், வயித்தைப் பிடியாதையும். மெல்லச் சுத்தும். தம்பி, இது புட்டுக்கு மா குழைக்கிற வேலையில்லை! ம்ம், இப்ப மணந்து பாரும்."

அபிஷன் மணந்து பார்த்தான். முகம் சுருங்கியது. அடுத்த கணம் அவன் மூக்கு தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. பக்கத்தில் நின்ற தாரிகா உள்ளே ஓடினாள்.

"முக்கியமான நேரத்தில எங்க ஓடுறாள் இவள்?" என்று யோகநாதன் எரிந்து விழுந்தார். உள்ளே அடிப்பிடித்த கறிச்சட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் கிளாசை மறுபடியும் மூக்குக்குக் கொண்டுபோனார். "அதை விடும். சொல்லும், என்ன மணக்குது?"

தாரிகாவின் பிளீஸ் அபிஷனுக்கு ஞாபகம் வந்தது. பொய்தான் வர மறுத்தது.

"அங்கிள்... வினாகிரி மணக்குது. பழுதாப் போட்டுது போல."

யோகநாதன் சிரித்தார். பார்த்தால் அறையலாம் போல இருக்கும் சிரிப்பு. தன் கிளாசை ஒரே வாயில் கவிழ்த்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"புளிப்பு இருந்தால்தான் ஐசே அது தரமான வைன்! உங்கட ஆக்கள் பேலியகொடையில மீன் விக்கிறவை எண்டு எனக்குத் தெரியும். மீன் நாத்தத்தில வளந்த மூக்குக்கு இது எப்பிடி விளங்கும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!"

அபிஷனின் காது சிவந்தது. கிளாசை மெதுவாக மேசையில் வைத்தான். "பழுது எண்டால் பழுது எண்டு சொல்லத்தான் அங்கிள் அப்பா எங்களைப் பழக்கினவர்" என்றான்.

புகை வாடையோடு தாரிகாவின் அம்மா நாகேஸ்வரி சமையலறையில் இருந்து வந்தாள். பின்னால் தாரிகா, கண் கலங்கி நின்றாள். மகளைப் பார்த்த நாகேஸ்வரி, அபிஷன் வைத்த கிளாசை எடுத்து முகர்ந்தாள். சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. புருஷனின் புளுகுகளுக்கு முன்னால் வாய் திறக்காமல் இருந்தே பழகிப்போன மனுஷி.

அந்த மௌனம் யோகநாதனுக்கு இன்னும் தைரியம் கொடுத்தது. எழுந்து நின்று வாசல் கதவைக் காட்டினார்.

"முடிவாச் சொல்லுறன். மணம் பிடிக்கத் தெரியாதவனுக்கு இந்த வீட்டில இடமில்லை!"

நாகேஸ்வரி கிளாசை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"அப்ப, கொரோனா வந்த நாள் தொட்டு ஒரு மணமும் தெரியாத நீங்கள் எங்க போய் இருக்கப்போறியள்?"